கரண்டி பிடிக்க மாறுவேடம் எதற்கு?

ஆண்மகன் ஒவ்வொருவனும் அறிந்திருக்க வேண்டிய கைத்திறன்கள் என்று பட்டியல் போடுவது மேலைநாட்டு ஆண்கள் இதழ்களில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது, கழுத்துப்பட்டைக்கு முடிச்சுப் போடுவது, ஈர விறகில் நெருப்பு மூட்டுவது, திசைகாட்டி இல்லாமல் வடக்கைக் கண்டுபிடிப்பது, பிடித்த மீனைச் செதில் நீக்கி அறுப்பது என்று அது நீளும். அவற்றின் சாயல்களைத் தமிழிலும் காணலாம். படிக்கச் சுவையானவைதாம். ஆனால் அம்பத்தூரிலோ அம்பாசமுத்திரத்திலோ வாழும் ஒருவருக்குக் காட்டில் வழிதவறி வடக்கைத் தேடி அலையும் நாள் ஆயுள் முழுவதும் வராமலே போகலாம். மனைவி காய்ச்சலில் படுத்திருக்க, குழந்தைகள் பசியோடு நிற்க, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் சமையலறையில் திகைத்து நிற்கும் நாள் அநேகமாக வந்தே தீரும்.

இத்தகைய பட்டியல்களின் குறை அவற்றின் கற்பனையில் இருக்கிறது. இயற்கையோடு தனித்துப் போராடும் ஒருவனை அவை மனத்தில் வைத்துக்கொள்கின்றன. நாலு பேரோடு ஒரே கூரையின்கீழ் ஐம்பது ஆண்டுகள் வாழ்கிறவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அவற்றில் எழுவதே இல்லை. அவனுக்காக நாம் முன்வைக்கும் பட்டியல் மிகச் சிறியது. சமைத்துத் தானும் உண்டு பிறருக்கும் இடுவது. உடுத்ததைத் துவைத்து, புழங்கும் இடத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்வது. நோயுற்ற ஓர் உடம்பைப் பேணுவது. இம்மூன்றும் ஆண்கள் அறியாத வித்தைகள் என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். காலங்காலமாக ஆண்கள் இவற்றைச் செய்தே வந்திருக்கிறார்கள். சொந்த வீட்டில், சொந்தப் பெயரோடு மட்டும் செய்வதில்லை.

நம் இதிகாசங்களே இதற்குச் சான்று. நல்ல சமையலுக்கு நாம் வழங்கும் பெயர்கள் நளபாகம், பீமபாகம் என்பன. இரண்டும் ஆண்களின் பெயர்கள். ஆனால் நளன் எப்போது சமைத்தான்? நிடத நாட்டு அரியணையில் இருந்தபோது அவன் அடுப்படிக்குப் போனதாகக் கதை சொல்வதில்லை. சூதில் நாட்டை இழந்து, கார்க்கோடகன் கடித்து உருவம் திரிந்து, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் ஊழியத்துக்குச் சேர்ந்த பிறகே அவனுடைய கைப்பக்குவம் வெளிப்படுகிறது. தமயந்தியின் சுயம்வரத்தின்போது உணவுக்குச் சுவை கூட்டும் ஆற்றலை அவனுக்கு வரமாக அளித்தவன் யமன் என்கிறது மகாபாரதத்தின் வனபருவம். அந்த வரம் பயன்பட அவன் தன் பெயரை இழக்க வேண்டியிருந்தது. பீமன் கரண்டி பிடித்ததும் விராடனின் மடைப்பள்ளியில், யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாத பதின்மூன்றாம் ஆண்டில். அருச்சுனன் ஆடல் கற்பித்ததும் நகுலன் குதிரை பேணியதும் சகதேவன் ஆநிரை காத்ததும் அதே ஆண்டில்தான். கெடு முடிந்ததும் அவரவர் ஆயுதத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலைகள் இழிவானவை என்று கதை வாய்திறந்து சொல்லவில்லை. சொந்தப் பெயரோடு செய்யத்தக்கவை அல்ல என்ற எண்ணம் மட்டும் அதன் அமைப்பிலேயே கலந்திருக்கிறது.

அந்த மாறுவேடம் இன்று கூலி என்ற உருவில் தொடர்கிறது. ஆயிரம் பேருக்கு இலை போடும் கல்யாணச் சமையலில் தலைமைச் சமையற்காரர் பெரும்பாலும் ஆண்தான். கோயில் மடைப்பள்ளியில் ஆண். பரோட்டாக் கல்லின் முன் ஆண். ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தித் தேநீர் ஆற்றுபவர் ஆண். தையற்கடையில் காஜா எடுத்துப் பித்தான் தைப்பவரும், தெருமுனைத் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவரும் பல ஊர்களில் ஆண்களே. ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைப்பவர் தம் வீட்டில் நாலு பேருக்கு ரசம் வைப்பதில்லை. ஆகவே, ஆணின் கைக்கு இவ்வேலை வராது என்பது பொய். கூலியும் விடுமுறையும் பாராட்டும் கிடைக்கும் இடத்தில் அதை ஆணின் தொழில் என்கிறோம். இவை மூன்றும் கிடைக்காத இடத்தில் பெண்ணின் இயல்பு என்கிறோம்.

கணக்கும் இதையே சொல்கிறது. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஒருவர் 24 மணி நேரத்தை எந்தெந்த வேலையில் செலவிடுகிறார் என்று கேட்டறியும் ஆய்வு அது. 2019இல், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்டனர்; ஆண்களில் ஈடுபட்டவர்கள் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். 2024இல் பெண்ணின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண் அந்தப் பத்து நிமிடத்தை ஏற்றுக்கொண்டான் என்று மகிழ்வதற்கில்லை. அவனுடைய நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. இடையில் பெருந்தொற்றும் ஊரடங்கும் வந்து போயின. வீட்டைவிட்டு வெளியேறாமல் மாதக்கணக்கில் இருந்த ஆண்கள் அடுப்படியைக் கண்டுகொண்டார்கள் என்று அப்போது எழுதப்பட்டவை ஏராளம். அந்தக் கண்டுபிடிப்பு அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதாகவே தெரிகிறது.

இலக்கிய வாசகர்கள் இவ்விடத்தில் குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நினைவுகூரலாம். கூடலூர் கிழார் பாடியது. புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரல்களை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படரத் தானே புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் உண்டு, சுவை நன்றென்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவள் குடித்தனம் நடத்தும் செய்தியைச் செவிலி நற்றாய்க்குச் சொல்லும் பாட்டு அது. அதன் அழகை நாம் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அழகில் மயங்கி நாம் தவறவிடும் ஒன்று அதிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் சமையல் கைவந்த கலையாக இல்லை. கையை ஆடையில் துடைப்பதும் புகையில் கண் கலங்குவதும் பழக்கமில்லாத கையின் அடையாளங்கள். பிறவியிலேயே சமையல் அறிந்தவளாகப் புலவர் அவளைக் காட்டவில்லை, கற்றுக்கொண்டிருப்பவளாகக் காட்டுகிறார். கற்றுக்கொள்பவளின் தடுமாற்றத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் ரசித்து வருகிறோம். கற்றுக்கொள்ளும் கணவனின் தடுமாற்றம் மட்டும் நம் திரைப்படங்களில் நகைச்சுவைக் காட்சியாகிறது.

கற்பது என்று சொல்லும்போது, மனைவிக்கு ‘உதவுவது’ என்று வழக்கில் உள்ளதை நாம் குறிக்கவில்லை. உதவி என்ற சொல்லே வேலைக்கு உடையவர் வேறொருவர் என்று சொல்லிவிடுகிறது. சொன்ன காயை நறுக்கிக் கொடுப்பவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், சமைக்கத் தெரியாது. சமையல் என்பது ஓர் அறிவு. பழைய அரிசி அதிக நீர் கேட்கும், புது அரிசிக்கு அதே அளவு நீர் வைத்தால் சோறு குழையும். பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் அந்தப் புளிப்பே பருப்பை வேகவிடாது. சித்திரையில் சில மணி நேரத்தில் பொங்கிவிடும் இட்லி மாவு மார்கழியில் இரவு முழுவதும் காத்திருக்கச் சொல்லும். அடுப்புக்கு வெளியே நடக்கும் பாதியும் உண்டு. துவரம்பருப்பு எந்தக் கிழமை தீரும், எரிவாயு உருளை எத்தனை நாளைக்கு வரும், யாருக்கு இந்த வாரம் காரம் ஆகாது என்பதையெல்லாம் ஒரு மனம் இடைவிடாமல் சுமந்துகொண்டிருக்கிறது. ‘என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்’ என்பவர் அந்தச் சுமையைத் தொடுவதே இல்லை. கைத்திறனோடு அந்தக் கவனமும் கற்கப்பட வேண்டியதே.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும், எழுவது நியாயம். எல்லோரும் கைவேலை கற்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் பேசுகிறவர் 1953ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியிலும் மீதிப் பொழுது பெற்றோரின் தொழிலிலும் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி அதை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பையும், துணி வெளுப்பவரின் மகன் துணியையும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருளாக இருந்திருக்கும். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கைவேலையைப் புகழ்ந்து நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

நம் பதில் இதுதான். பிறப்பை வைத்து ஒருவர் தலையில் சுமத்தப்படும் தொழில் வேறு. உடம்பெடுத்த எல்லோருக்கும் பொதுவான தேவை வேறு. எல்லா உடம்பும் பசிக்கிறது, அழுக்காகிறது, நோயுறுகிறது. அந்தப் பசியையும் அழுக்கையும் நோயையும் கவனிக்கும் வேலையை ஒரு சாதியின் மீதோ ஒரு பாலின் மீதோ ஏற்றிவிட்டு விலகி நிற்பதே குலக்கல்வியின் மனநிலை. தன் கழிப்பறையைத் தானே கழுவும் ஆண், தன் எச்சில் தட்டைத் தானே தேய்க்கும் ஆண், அந்த மனநிலைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறான்.

காந்தி இதைத் தென்னாப்பிரிக்காவிலேயே கண்டுகொண்டார். சட்டைக் கழுத்துப்பட்டையைத் தாமே துவைத்துக் கஞ்சி போட்டு, கஞ்சி அதிகமாகி அது நீதிமன்றத்தில் உதிர, சக வழக்கறிஞர்கள் சிரித்த கதையைச் சத்தியசோதனையில் அவரே சொல்கிறார். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் முடிவெட்ட மறுத்தபோது, கண்ணாடி முன் நின்று தம் முடியைத் தாமே வெட்டிக்கொண்டார், பின்மண்டை பாழாயிற்று. கைத்திறன் அவமதிப்பிலிருந்து ஒருவரை விடுவிக்க வல்லது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளைவிடத் தெளிவாக எதுவும் சொல்லிவிடாது. 1900இல் கடைசி மகன் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவர் உடனே கிடைக்காமல், மருத்துவச்சி வரவும் தாமதமாகி, பேறு பார்த்தவர் அவரேதான்; அதற்கென்று முன்பே நூல் படித்துத் தயாராகியிருந்தார். அதே மனிதர் கழிவுக்கலத்தை முகம் சுளிக்காமல் எடுக்கவேண்டும் என்று கஸ்தூரிபாயை வற்புறுத்தி, வீட்டைவிட்டுத் தள்ளப்போனதையும் அதே நூலில்தான் எழுதுகிறார். தான் கற்பது ஒன்று, பிறரைக் கட்டாயப்படுத்துவது மற்றொன்று என்பதை அவர் வாழ்விலிருந்தே நாம் பிரித்தறியலாம்.

இன்னொரு எதிர்ப்பு புதுக்காலத்துக்குரியது. கைப்பேசியைத் தொட்டால் அரை மணியில் பிரியாணி வருகிறது, துணி துவைக்க எந்திரம் இருக்கிறது, முதியவரைப் பார்க்க ஆள் அனுப்ப நிறுவனம் இருக்கிறது. பணம் இருந்தால் இந்தத் திறன்கள் எதற்கு என்கிறார்கள். பணம் உள்ளவருக்கும் பின்னிரவு உண்டு. இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விழுக்காடு மிகுந்தது தமிழ்நாடு. 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. பிள்ளைகள் ஒருவரோ இருவரோ. அவர்களும் பெரும்பாலும் வெளியூரில். படுக்கையில் விழும் தாய்க்கோ மனைவிக்கோ பக்கத்தில் இருக்கப்போவது ஓர் ஆண்தான் என்ற நிலை நம் வீடுகளில் பெருகிக்கொண்டே போகிறது. அவருக்கு என்ன தெரியும்?

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதம் கண்டவருக்குச் சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் விடுவிக்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடக்கூடும். படுத்தவாக்கில் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்தே புகட்ட வேண்டும். இவை எதுவும் அரிய மருத்துவ அறிவு இல்லை. ஒரு மாலைப்பொழுதில் ஒரு செவிலியரிடம் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்காதவன் எவ்வளவு அன்புடையவனாயினும் அவன் அன்பு அந்த உடம்புக்கு வலியாகவே போய்ச் சேரும்.

எளிய கைத்திறன் உயிர் காக்கும் என்பதற்கு 1971 ஒரு சான்று. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே குவளையில் மொண்டு புகட்டச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த சாவு நாலு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அதன் வீட்டு வடிவம் இன்று எல்லோருக்கும் எட்டக்கூடியது: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேதியில் துவளும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்வரை இதைக் கலந்து கொடுக்கத் தெரியாத தகப்பனுக்குத் திசைகாட்டி இல்லாமல் வடக்கைக் காணத் தெரிந்து பயன் என்ன?

இலக்கிய உலகத்தாருக்குத் தனியே சொல்ல ஒன்றுண்டு. கையாலாகாமையை மேதைமையின் அடையாளமாகக் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. பாரதி அரிசியை அள்ளிக் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியைக் கண் பனிக்கச் சொல்கிறோம். அன்றைய உலைக்கு வேறு அரிசி எங்கிருந்து வரும் என்ற கேள்வி செல்லம்மாவுடையது. அதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறோம். பாரதியைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கவிஞன் என்றால் உலக நடப்பு தெரியாதவன் என்று அந்நிகழ்ச்சியைச் சிலர் சான்றிதழாக்கிக்கொள்வதைச் சொல்கிறோம். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை மெச்சிப் பேசிவிட்டு, அந்த மூலைப் பக்கம் போகாமலே கைகழுவ எழுந்திருப்பவர்களும் நம்மிடையே உண்டு.

இதனால் மொழிக்கும் இழப்பு நேர்கிறது. முறத்தில் செய்யும் வேலைக்கு மட்டும் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல் என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் மணிக்கட்டின் ஓர் அசைவு. வதக்குவதும் வறுப்பதும் பொரிப்பதும் வாட்டுவதும் ஒன்றல்ல என்று நாவுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிய வேண்டும். கை அறியாத சொல்லை எழுத்தாளன் அகராதியிலிருந்து எடுத்து வைக்கலாம். அது பக்கத்தில் உயிரின்றிக் கிடக்கும். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்த கி. ராஜநாராயணன் விவசாயியாக இருந்தவர் என்பது தற்செயலன்று.

எங்கே கற்பிப்பது? வீட்டிலும் பள்ளியிலும், மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலவே. ஜப்பானில் மனையியல் பாடம் நடுநிலைப்பள்ளியில் 1993லிருந்தும் உயர்நிலைப்பள்ளியில் 1994லிருந்தும் ஆண் பெண் இருபாலருக்கும் கட்டாயம். கேரளம் 2024இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தகப்பன் சமையலறைத் தரையில் அமர்ந்து தேங்காய் துருவுகிறான். ஒரு படத்தால் எல்லாம் மாறிவிடாது என்பது உண்மையே. ஆனால் அம்மா சமைக்கிறாள், அப்பா நாளிதழ் படிக்கிறார் என்ற படமும் ஒரு படம்தான். அது எத்தனை தலைமுறையை வார்த்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

நளனை தமயந்தி எதைக்கொண்டு கண்டுகொண்டாள்? தோழி கேசினியை அனுப்பி, வாகுகன் சமைத்த உணவில் சிறிது எடுத்துவரச் செய்து வாயில் இட்டாள். இது தன் கணவனின் கை என்று அறிந்தாள். உருவம் திரிந்திருந்தது, பெயர் மாறியிருந்தது. கைப்பக்குவம் மட்டும் மாறாமல் அவனைக் காட்டிக்கொடுத்தது. நம் ஆண்களில் எத்தனை பேரை அவர்கள் வீட்டார் அப்படிக் கண்டுகொள்ள முடியும்? மாறுவேடமின்றி, கூலியின்றி, கைதட்டலை எதிர்பாராமல், நாளை காலை உலை வைப்பதிலிருந்து இதற்கான பதிலைத் தொடங்கலாம். அரிசி பழையதா புதியதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.